கண்ணாடி இழையில் ஒளி வீணாவது எங்கே?



பால்மரத்து வெட்டுக்கோட்டின் வழியே ஓடும் பால் மங்கில் விழுகிறது. மழையில் பட்டை நனைந்துவிட்டாலோ, பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகிறது. மரம் கொடுத்தும் மங்கு நிறைவதில்லை. ஈப்போ நகரிலும் பழைய தோட்டப்புறங்களிலும் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக்கும் இதே கவலைதான்.

இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவில் முடியைவிட மெல்லிய உட்கரு, சுற்றிலும் உறை. இரண்டும் கண்ணாடியே. உட்கருவில் சிறிது ஜெர்மேனியம் கலந்திருப்பதால் ஒளி வெளியே தப்பாமல் அதற்குள்ளேயே ஓடுகிறது.

முற்காலத்து இழைகளில் 20 மீட்டர் போவதற்குள் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மிஞ்சியது. குற்றம் கண்ணாடியில் அல்ல, அதில் கலந்த இரும்பு போன்ற அசுத்தங்களில்தான் என்று சார்ல்ஸ் காவ் 1966-இல் எடுத்துக்காட்டினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் ஒரு கிலோமீட்டர் கடந்தும் அந்த அளவு ஒளி மிஞ்சும் இழையைச் செய்தனர். இன்றைய நல்ல இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி நிற்கிறது.

ஆயினும் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வது பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இத்தகைய நெடுந்தூரத்துக்கென எர்பியம் கலந்த தனி வகை இழை உண்டு. 1987-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் அதைக் கொண்டு, தளர்ந்த ஒளிக்கு இழைக்குள்ளேயே புதுவலுவூட்டிக் காட்டினர்.

வீட்டுக்குள் வரும்போது பகை வேறு. அது மடிப்பு. இழை கூர்மையாக வளைந்தால் ஒளி உட்கருவை விட்டுக் கசிகிறது. சாதாரண இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கலாகாது. இதற்காகவே உட்கருவைச் சுற்றி அகழி போன்ற ஒரு வளையம் அமைத்த இழைகள் வந்தன. 2006-இல் இவற்றுக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது. இவற்றில் ஒரு வகை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும்.

தாங்கும் என்பதால் ஆணியில் சுற்றவோ, கதவிடுக்கில் நசுக்கவோ கூடாது. பிள்ளைகளின் பாடம் நின்று கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் கம்பி எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிந்திருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். இழை அறுந்திருந்தால் அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். பழுது பார்ப்பவரை அழைப்பதே நலம்.