பேனா போன வழி

காகிதத்தில் இருப்பதைப் பார்த்து "இது யார் கையெழுத்து?" என்று கண்டுபிடிப்பது பழைய கலை. அங்கே கிடைப்பது மை உலர்ந்த கோடு மட்டும். டேப்லெட்டில் எழுதினால் கதையே வேறு. பேனா முனை எங்கே இருக்கிறது என்பதை நொடிக்கு நூறு தடவைக்கு மேல்கூட அது குறித்துக்கொள்ளும். 'அ' எழுதும்போது சுழியை எங்கே தொடங்கினோம், வளைவில் எவ்வளவு நிதானித்தோம், கடைசிக் கோட்டை எப்படி விசுக்கென்று இழுத்தோம் என்பதெல்லாம் பதிவாகிவிடும். பேனாவைத் தூக்கி அடுத்த எழுத்துக்குப் போகிறோமே, காற்றில் போகும் அந்தப் பாதையைக்கூடச் சில டேப்லெட்கள் பிடித்துவிடுகின்றன.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில், இப்படிப் பதிவாவதை வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வெள்ளைப் பலகையிலேயே சோதித்தார்கள். பலகையின் மூலையில் ஓர் அகச்சிவப்புக் கருவி. மார்க்கர் பேனாவின் உறை அனுப்பும் சமிக்ஞையை அது வாங்கிக்கொள்ளும். எழுதியவர்கள் 200 பேர். 2008-இல் வெளிவந்த முடிவுப்படி, ஒரு பத்தியைக் கொடுத்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் ஆளைச் சரியாகச் சொன்னது கணினி. ஒரே ஒரு வரி என்றால் ஏறத்தாழ 89-தான். இத்தனைக்கும், என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்கவே இல்லை!

போலிக் கையெழுத்து போடுகிறவருக்கு இந்தப் பாதைப் பதிவுதான் தலைவலி. உருவத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சொந்தக்காரர் ஒரே வீச்சில் போடுவதை இவர் பார்த்துப் பார்த்து வரைவார். அந்தத் தயக்கம் நேரக் கணக்கில் அகப்பட்டுவிடும். ஆனால் ஒன்று, காகிதத்தில் எழுதியதைப் பிறகு ஸ்கேன் செய்து ஏற்றினால் இந்த வித்தை பலிக்காது. எழுதும்போதே பிடித்திருக்க வேண்டும்.