கிளைகள் பெருகினாலும் வாடிக்கையாளர் ஒருவரே

சிராங்கூன் சாலையில் ஒரே ஒரு புடவைக்கடை இருக்கும்வரை, யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது முதலாளிக்கு மனப்பாடம். ஜூரோங்கிலும் உட்லண்ட்சிலும் கிளை திறந்ததும் சிக்கல் தொடங்குகிறது. தேக்காவில் பத்தாண்டுகளாக வாங்குபவர், புதிய கிளை ஊழியருக்கு அந்நியர்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் வாடிக்கையாளர் உறவு நிர்வாக மென்பொருள். கடையோடு அதுவும் வளர வேண்டுமானால், ஒருவருக்கு ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். எதை வைத்து அவரை அடையாளம் காண்பது? ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். தொலைபேசி எண் மாறும். அடையாள அட்டை எண்ணைக் கடைகள் பொதுவாகக் கேட்கக்கூடாது என்ற விதி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. எனவே மென்பொருளே தனி எண் வழங்குவது நல்லது.

தீபாவளி நெரிசலில் விற்பனைப் பதிவு தாமதமாகக்கூடாது. சலுகைக் குறுஞ்செய்திகள் தனி வரிசையில் காத்திருக்கலாம். அவற்றை அனுப்புமுன், 2014 ஜனவரியில் நடப்புக்கு வந்த 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டையும் சரிபார்க்க வேண்டும்.

சிறு கடைகள் சொந்தக் கணினிக்கூடம் அமைக்கத் தேவையில்லை. தமிழகத்தில் வேரூன்றிய ஸோஹோ 2005ல் இத்தகைய மென்பொருளை இணையவழி வழங்கத் தொடங்கியது. வீவக புளோக்கைப் போல, கட்டடம் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்பூட்டு.

ஆனால் குழப்பமான பட்டியலை ஏற்றினால் குழப்பம்தான் வேகமாகப் பெருகும். முதலில் கடை நோட்டைத் திருத்துங்கள். மென்பொருளைப் பிறகு வாங்கலாம்.