மன்னித்து விடு என்று சொல்லுமுன்

போரினால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எங்கள் பிரதேசத்தில் குறைவில்லாமல் கிடைப்பது ஆலோசனை. அவற்றுள் அதிகமாகக் காதில் விழுவது "மன்னித்து விடு, மனம் இலேசாகும்" என்பதாகும். ஆலயத்தில் குருவானவர் சொல்வார். உபவாச ஜெபத்தில் போதகர் சொல்வார். உளவளத்துணைப் பயிற்சி பெற்று வந்தவர்களும் சொல்வதுண்டு. சொல்பவருக்கு அது ஒரு நல்வார்த்தை. கேட்பவளுக்கோ அது எரிந்த வீட்டின் வளை, கணவனின் உடல் கிடந்த ஒழுங்கை, மகனை ஏற்றிச் சென்ற வாகனத்தின் சத்தம்.

நான் ஒரு கிறிஸ்தவப் பெண். பெரும்பாலும் இந்துக்கள் வாழும் காரைதீவில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்து வருகிறேன். வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என முஸ்லிம் ஊர்கள் எங்களைத் தொட்டபடியே இருக்கின்றன. மன்னிப்பு என்பது எனது சமயத்தின் நடுமையம். அதைக் குறைத்துப் பேசுவது எனது நோக்கமல்ல. அதை யார், யாரிடம், எந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விடயம்.

எங்கள் கரையோரத்தில் மன்னிக்க வேண்டியவர்கள் இந்தப் பக்கம், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அந்தப் பக்கம் என்று கோடு கீற முடியாது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர்களின் வீடுகள் எரிக்கப்பட்டு ஊர்மக்கள் அகதிகளானார்கள். 1990 ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100 க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒன்பது நாட்களின் பின் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் குழந்தைகளுடன் கொல்லப்பட்டன. அதே 12 ஆந் திகதி, எங்களுக்கு அண்மையில் உள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் ஊர்காவற் படையினரால் கொல்லப்பட்டார்கள். ஒரே மாதம். இழந்தவர்கள் எல்லோரும் ஒரே சந்தையில் மீன் வாங்குபவர்கள்.

ஒரு குழுக் கூட்டத்தில் மன்னிப்புப் பற்றிப் பேச்சு வந்தபோது, அதுவரை வாய் திறவாமலிருந்த ஒரு தாய் கேட்டார்: "ஆரை மகள் மன்னிக்கிற? செஞ்சவன் ஆரெண்டே எனக்குத் தெரியா. அவன் வந்து நான்தான் எண்டு சொன்னானா? மன்னிப்பு அவனுக்கு வேணுமா எண்டாவது தெரிய வேணுமே."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் மோதலுக்குப் பிந்திய நல்லிணக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். இந்தத் தாயின் கேள்வி அவற்றை விடக் கூர்மையானது. வேதாகமமும் இந்தக் கேள்வியை ஒதுக்கி விடவில்லை. ஏழெழுபது தரம் மன்னிக்கும்படி இயேசு பேதுருவுக்குக் கூறியதை எல்லோரும் அறிவார்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 17 ஆம் அதிகாரத்தில், உன் சகோதரன் பிழை செய்தால் முதலில் அவனைக் கண்டித்துக் கேள், அவன் மனம் வருந்தினால் மன்னி என்ற கருத்தில் அவர் போதிப்பதைப் பிரசங்கங்களில் நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. கண்டித்துக் கேட்பது மன்னிப்பின் முதற் பாகம். அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டாம் பாகத்தை மட்டும் பெண்களிடம் கேட்பது என்ன நியாயம்?

காரைதீவுப் பெண்களுக்கு இதை வேதாகமத்தைத் திறந்துதான் விளக்க வேண்டும் என்றில்லை. இங்கு ஊரைக் காக்கும் தெய்வம் கண்ணகி. வைகாசி பிறந்தால் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். கோவலன் கள்வனென்று வெட்டுண்டதும், ஒற்றைச் சிலம்போடு அவள் பாண்டியன் சபையில் நின்று வழக்குரைத்ததும், அரசன் தன் பிழை கண்டு உயிர் விட்டதும், மதுரை எரிந்ததும் விட்டுப் போகாமல் சொல்லப்படும். அதன் பிறகுதான் திருக்குளிர்த்தி. வேறு சமயத்தவளாக நின்று இதைப் பார்த்த எனக்கு இரண்டு விடயங்கள் பட்டன. ஒன்று, அந்த ஒழுங்கு மாறுவதில்லை. வழக்கு உரைக்கப்படாமல் குளிர்த்தி கிடையாது. மற்றது, கோபத்தை விடும்படி அம்மனுக்கு யாரும் கட்டளையிடுவதில்லை. அவளைக் குளிரப் பண்ணுவது ஊரின் பொறுப்பு. ஊரே கூடி நோன்பிருந்து, பாடி, நீர் தெளித்து அதைச் செய்கிறது. எங்கள் பெண்களிடம் மட்டும், நீயே எரி, நீயே உன்னைத் தணித்துக்கொள் என்கிறோம்.

வேதாகமத்தில் இதற்கு இணையாக ஒரு பெண் இருக்கிறாள். பெயர் ரிஸ்பாள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 21 ஆம் அதிகாரத்தில் சில வரிகளில் வந்து போகிறாள். சவுல் அரசனின் மறுமனையாட்டி. அரசியல் கணக்கொன்றைத் தீர்ப்பதற்காக அவளது இரண்டு ஆண்மக்களும் சவுலின் பேரப்பிள்ளைகள் ஐவரும் தாவீது அரசனால் கையளிக்கப்பட்டு, மலையிலே தூக்கிலிடப்படுகிறார்கள். உடல்களை அடக்கம் செய்ய எவரும் இல்லை. ரிஸ்பாள் ஒரு இரட்டுத் துணியைப் பாறை மேல் விரிக்கிறாள். அறுவடை தொடங்கும் நாள் முதல் மழை பெய்யும் வரை அங்கேயே கிடந்து, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அண்டவிடாமல் துரத்துகிறாள். அவள் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. மன்னித்தாளா இல்லையா என்றும் இல்லை. ஆனால் அவள் செய்தது அரசனின் காதுக்கு எட்டுகிறது. அவன் எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்விக்கிறான். தேசத்தின் மேல் இருந்த பஞ்சம் நீங்கியது அதற்குப் பின்னரே என்று அந்த அதிகாரம் சொல்கிறது.

2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தபோது எனக்கு ரிஸ்பாளின் இரட்டுத் துணிதான் நினைவுக்கு வந்தது. "இன்னும் எத்தனை காலத்திற்குப் பழையதைக் கிளறுவது, மன்னித்து மறந்து விடலாமே" என்று அந்தத் தாய்மாரைப் பார்த்துச் சொன்னவர்களுள் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவர்களும் உண்டு. அவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு தரம் வாசிப்பது நல்லது.

இப்படிச் சொன்னவுடன், அப்படியானால் உடனே மன்னித்தவர்கள் எல்லாம் பிழையா என்று கேட்பீர்கள். இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியில் வந்த பிள்ளைகள். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அன்று நடந்தவற்றோடு சேர்த்து 260 க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எங்களுக்கு நோவும் கோபமும் இருக்கிறது, ஆயினும் குண்டு கொண்டு வந்தவரையும் அவரை அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று சீயோன் சபையின் போதகர் ரொஷான் மகேசன் பகிரங்கமாகச் சொன்னார். நோவையும் கோபத்தையும் அவர் மறைக்காமல் சொன்னதால்தான் அந்த மன்னிப்பில் எனக்கு மதிப்பு. ஆயினும் ஒன்று. சபை மன்னிக்கலாம். பிள்ளையை இழந்த தாய்க்குப் பதிலாக எவரும் மன்னிக்க முடியாது. அவள் அந்த இடத்திற்கு வந்து சேர ஒரு வருடமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம்.

கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அவர்களும் 2020 உயிர்த்த ஞாயிறுத் திருப்பலியில், தாக்கியவர்களை மன்னித்து விட்டோம் என்றார். அத்துடன் அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. தாக்குதலின் பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2021 மார்ச் 7 ஆந் திகதி கத்தோலிக்கர்கள் கறுப்பு உடையில் ஆலயங்களுக்குச் சென்று 'கறுப்பு ஞாயிறு' அனுட்டித்தார்கள். 2022 இல் ஜெனீவா வரை முறைப்பாடு போனது. முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்தவர்களே வழக்கையும் விடாமல் நடத்தினார்கள். இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் ஒடிசா மாநிலத்தில் தொழுநோயாளர்களுக்குப் பணிசெய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பவரும் 10, 6 வயதான இரு மகன்மாரும் 1999 ஜனவரியில் வாகனத்தோடு எரிக்கப்பட்டபோது, மனைவி கிளாடிஸ் மன்னிக்கிறேன் என்றார். குற்றத்துக்குரிய விளைவு வேறு, அது சட்டத்தின் வேலை என்பதையும் அவர் தெளிவாகச் சொன்னார். கணவர் விட்ட பணியைப் பல வருடங்கள் அங்கேயே இருந்து தொடர்ந்தார். எங்கள் பிரசங்கங்களில் கிளாடிஸ் வருவார். அவர் சொன்ன இரண்டாவது வார்த்தை வருவதில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் படையினர் சுற்றிவளைத்த வீடொன்றில் குண்டுகள் வெடித்தன. இறந்தவர்களில் ஆறு பிள்ளைகள். காரைதீவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம் அது. அதன் பின் வந்த மாதங்களில் எங்கள் பக்கத்து ஊர் முஸ்லிம் பெண்கள் தாங்கள் செய்யாத குற்றத்திற்காகப் பஸ்ஸிலும் கடையிலும் அலுவலகங்களிலும் தலை குனிந்து நின்றார்கள். முகத்தை மூடுவதற்குத் தடை வந்தது. வைத்தியசாலை வரிசையில் நின்றவர்களின் முந்தானையைக் கூடச் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மன்னிப்பைப் பற்றி அதிகம் பேசும் சபைகளைச் சேர்ந்த சில பெண்கள் முஸ்லிம் கடைகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டதும் எனக்குத் தெரியும். குண்டு வைத்தவனை மன்னித்தாயிற்று, பட்டாணி விற்கும் உம்மாவை மன்னிக்க முடியவில்லை!

பரிசுத்தமாக வாழ்வது என்றால் வெள்ளை உடுத்துவது, நகை கழற்றுவது, படம் பார்க்காமல் இருப்பது என்றே பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள். லேவியராகமம் 19 ஆம் அதிகாரம் பரிசுத்தராயிருங்கள் என்ற கட்டளையோடு தொடங்குகிறது. அதன் பின் வருவன என்ன? வயலின் ஓரத்தை வழித்து அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டு வைப்பது. கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலை வரை வைத்திராமல் கொடுத்து விடுவது. தராசிலும் படியிலும் கள்ளம் செய்யாதிருப்பது. பழி வாங்காதிருப்பது. அயலவனை மனதுக்குள் பகைக்காமல் அவனது பிழையை நேரில் எடுத்துச் சொல்வது. உன்னிடத்தில் தங்கும் அந்நியனையும் உன்னைப் போலவே நேசிப்பது. வயலில் கதிர் பொறுக்கிப் பிள்ளை வளர்த்த பெண்களுக்கு இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினால், "இது எங்கட கதைதானே" என்பார்கள். பகையை மனதில் பூட்டி வைக்காதே என்பதும், பிழையை முகத்துக்கு நேரே சொல் என்பதும் அங்கே அருகருகே கிடக்கின்றன.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். மன்னிப்பு மிகவும் தவறாகப் பயன்படுவது போர்க்களத்தில் அல்ல, வீட்டுக்குள். அடிக்கும் கணவனை ஒவ்வொரு முறையும் மன்னித்துச் சேர்ந்து வாழும்படி அறிவுரை கூறித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். திருப்பி அனுப்பியவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. சகோதரிகளே, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதம் வரையான கட்டளையும் கிடைக்கும். இதற்காக அவனைப் பகைக்க வேண்டுமென்றில்லை. மன்னித்த பின்பும் கட்டளை கேட்கலாம். அடி விழாத தூரத்தில் நின்றுகொண்டு மன்னிப்பது பாவமல்ல.

கடைசியாக, மன்னிக்க முடியவில்லையே, நான் ஆண்டவருக்குத் துரோகம் செய்கிறேனோ என்று இரவில் நித்திரையில்லாமல் இருக்கும் பெண்களுக்கு. அவர்கள் பலர். சிலுவையில் தொங்கிய இயேசு, தன்னை ஆணியடித்தவர்களைப் பார்த்து 'உங்களை மன்னித்து விட்டேன்' என்று சொன்னதாக சுவிசேஷத்தில் இல்லை. அவர்களுக்கு மன்னிக்கும்படி பிதாவிடம் வேண்டுகிறார். காயம் இன்னும் இரத்தம் வடிந்துகொண்டிருக்கும் வேளையில் அவர் அதை மேலே ஒப்படைக்கிறார். எங்கள் குழுவில் உள்ள ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் இருந்தார். பிறகு, "அப்ப நானும் அவரிட்டயே குடுத்து வைக்கிறன், எனக்கு ஏலுமான நேரம் வாங்கிக்கொள்றன்" என்றார். கணவரைப் பற்றிய முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகளை இன்னமும் பொலித்தீன் பையில் சுற்றி, பெட்டகத்தில் வேதாகமத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்.