டாக்டர்... எர்த் எங்கே?

ஸ்ரீரங்கத்தில், அடையவளைந்தான் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது என் வைத்தியசாலை. போன தை மாசம் ஒரு நாள் காலை, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டை போடவே மனைவியின் உதவி தேவைப்படுகிறதாம். எங்கள் வைத்தியத்தில் கும்பவாதம் என்போம்.

நாடி பார்க்கலாம் என்று கையைப் பிடித்தேன். மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்குப் பின்னால், சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்கக் கூடாது. என்னை நீங்க செக் பண்றதுக்கு முன்னாடி, நான் ஒண்ணை செக் பண்ணிக்கலாமா? உள்ளே ஏதோ மெஷின் ஓடுதே, அதுக்கு எர்த் எங்கே?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது சூரணம் அரைக்கும் மெஷின். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை எப்போதோ ஒரு வயர்மேன் வெட்டி எடுத்திருந்தார். சுவரில் இருந்த பழைய பாயிண்ட்டில் இரண்டே ஓட்டை, அதனால்! "ஓடுதுல்ல சார், போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் விட்டுவிட்டேன்.

எழுந்து உள்ளே போனவர், பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மெஷினின் இரும்பு உடம்பில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால், மருந்து இடிக்கிற பையன் பத்து நாளாகவே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஐயா, தொட்டா சுர்ருங்குது." நான் சொன்ன பதில்? "கை ஈரமா இருக்கும்டா, தொடைச்சுக்கிட்டுப் போடு!"

நோயாளி ஒருவர் பத்து நாள் தொடர்ந்து 'சுர்ருங்குது' என்று சொல்லியிருந்தால் இப்படிப் பேசியிருப்பேனா?

வந்தவர் ஓய்வு பெற்ற அரசு மின் ஆய்வாளர். 'எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் நமக்குப் புரியும். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே அன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தொக்கணம் செய்த அந்த மூன்று வாரமும் அவர் படுத்துக்கொண்டே சொன்னவற்றைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இவர் ஈ.பி.காரர் இல்லை!

மீட்டர் பார்க்க வருகிறவர், ஃபியூஸ் போனால் வருகிறவர் எல்லாம் மின் வாரியத்து ஆட்கள். மின் ஆய்வுத் துறை வேறு. அது நேராக அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டது. தலைமை மின் ஆய்வாளர் சென்னை கிண்டியில் இருக்கிறார். திருச்சியிலும் அலுவலகம் உண்டு. மின்சாரம் விற்கிறவரே அதன் பத்திரத்துக்கும் சர்டிபிகேட் கொடுத்தால் எப்படி? அதனால்தான் வெள்ளைக்காரர் காலத்து 1910-ஆம் வருஷச் சட்டத்திலேயே இந்தத் தனிப் பதவியை வைத்தார்கள். இப்போதுள்ள 2003-ஆம் வருஷச் சட்டத்திலும் 162-ஆவது பிரிவில் இது தொடர்கிறது. தப்பு வாரியத்தின் கம்பியில் இருந்தால், "வாரியத்தின் மேல்தான் தப்பு" என்று எழுதும் அதிகாரம் இவருக்கு உண்டு.

உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைகள், ஆஸ்பத்திரிகள், பெரிய ஜெனரேட்டர்கள், மாடி மாடியாய் உயரும் கட்டடங்கள், சினிமா தியேட்டர்கள் எல்லாம் இவர்கள் பார்வைக்கு வர வேண்டும். லிஃப்ட்டும் இவர்கள் கணக்குதான். வயரிங் காண்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வழங்கும் வேலையும் இவர்கள் துறையைச் சேர்ந்ததே.

"சார், எங்க வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லையே?" என்றேன்.

"வீடு வீடா வர ஆள் ஏது டாக்டர்? உங்க வீட்டுக்கு நாங்க வந்தோம்னா, ஒண்ணு வீடு ரொம்ப உயரமா இருக்கணும்... இல்லே, யாராவது போயிருக்கணும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

குப்பைமேட்டில் கிடந்த கம்பி

மின்சாரத்தால் மனித உயிரோ, மாட்டின் உயிரோ போனால், அடிபட்டால்கூட, மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். அறிந்த 24 மணி நேரத்துக்குள் என்பது விதி. மாடும் கணக்கில் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மழைக்காலத்தில் மின் கம்பத்து ஸ்டே கம்பியில் உரசி மாடு செத்தால், "விதி" என்று புதைத்துவிட்டு வருகிறோம்.

அவர் சொன்ன ஒரு சம்பவம். கிராமத்து ஓட்டு வீடு. மீட்டருக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்கும் இரும்புக் குழாயிலேயே துணி காயப்போடும் கொடிக்கம்பியைக் கட்டியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஐப்பசி மழையில் ஒயரின் மேலுறை நைந்துபோய்க் குழாயில் மின்சாரம் இறங்கியிருக்கிறது. ஈரப் புடவையை உதறிப் போட்ட அம்மாவைக் கம்பி பிடித்துக்கொண்டது. இழுக்கப் போன பையனையும் சேர்த்து.

இவர் போய்ச் சேருவதற்குள் உறவுக்காரர்கள் ஆத்திரத்தில் கம்பியை அறுத்து எறிந்து, ஒயரையும் மாற்றிவிட்டார்கள். இனி எதை வைத்து எழுதுவது? மின்சாரம் எந்த இடத்தில் இறங்கியது என்று காட்டினால்தான் யார் பொறுப்பு என்பது முடிவாகும். நஷ்ட ஈட்டுக்கும் அந்த அறிக்கைதான் ஆதாரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பைமேட்டில் தேடியிருக்கிறார். கருகின அடையாளத்தோடு ஒயர்த் துண்டு கிடைத்தது.

"அந்த வீட்டுப் பெரியவர் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டார் டாக்டர். 'இதை நீங்க முன்னாடியே வந்து பாத்திருக்கக் கூடாதா?'ன்னு. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பதில் சொல்ல முடியாமப் போன கேள்வி அது."

அதனால் வாசகர்களே, இப்படி ஒரு துயரம் நேர்ந்தால், முதலில் மின்சாரத்தை நிறுத்தி ஆளைக் காப்பாற்றப் பாருங்கள். அதன் பிறகு கம்பி, சுவிட்ச், மெஷின் எதையும் அதிகாரி வந்து பார்க்கும்வரை மாற்றாதீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 2004 ஜனவரி 23-ஐ நினைவுபடுத்த வேண்டியதில்லை. தை மாச முகூர்த்த நாள். பத்மப்ரியா திருமண மண்டபத்தில் கல்யாணம். கீற்றுப் பந்தலுக்குக் கீழே சடங்குகள். வீடியோ எடுப்பதற்காக இழுத்திருந்த ஒயரில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டில் பந்தல் பிடித்துக்கொண்டது என்பதுதான் வெளிவந்த தகவல். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். அதே வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அங்கே காரணம் சமையல்கூடத்து நெருப்பு. ஆனால் அங்கேயும் கீற்றுக் கூரைதான்.

நான் அப்போது தொழிலுக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. தீக்காயம் பட்ட ஓர் அம்மாள், பல மாதம் கழித்து வடு அரிக்கிறது என்று என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரி வைத்தியம் முடிந்து, காயம் ஆறியிருந்தது. நான் கொடுத்த தைலத்தில் அரிப்பு குறைந்தது. ஆனால் கல்யாண வீடுகளில் வீடியோ லைட் போட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். அதற்கு என்னிடம் தைலம் இல்லை.

இதை மின் ஆய்வாளரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கல்யாணத்துல பத்து இடத்துல ருசி பாத்து சமையல்காரரை முடிவு பண்றோம். ஒயர் இழுக்கிறவன்கிட்ட, இது எத்தனை வாட் தாங்கும்னு யாராவது கேக்கறோமா?" என்றார். மெல்லிசான ஒயரில் பெரிய விளக்கைப் போட்டால் ஒயர் சூடாகும். இணைப்பில் டேப் சுற்றாமல் முறுக்கி விட்டால் பொறி பறக்கும். மேலே கீற்றோ, ஜிகினாத் துணியோ இருந்தால் போதும்.

2022 ஏப்ரல் 27-இல் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். நம் ஊரிலும் சித்திரைத் தேர் வருகிறது. அன்று வீதியில் கரண்ட் நிறுத்தினால், மிக்சி ஓடவில்லை என்று முணுமுணுக்கிறவர்களில் என் வீடும் ஒன்றாக இருந்தது. இப்போது இல்லை.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றும்?

இனி என் இலாகா. மின்சாரம் உடம்பில் என்ன செய்கிறது?

ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தால் லேசான சுருக். பத்துக்கு மேல் போனால் கைத் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாது. "கரண்ட் ஆளைப் பிடிச்சு இழுக்குது" என்கிறோமே, உண்மையில் நம் கைதான் அதைப் பிடித்துக்கொள்கிறது. நூறை நெருங்கினால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். மூளைக்கு ரத்தம் போகாது. சாதாரண 40 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வதே சுமார் 170 மில்லி ஆம்பியர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எங்க வீட்டுல ஃபியூஸ் இருக்கே" என்பீர்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர்! ஆள் செத்த பிறகும் அது அசையாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்ற எர்த்தும், ஈ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் கிடைக்கும் கருவியும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறிப் போனாலே கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும் வகையை வாங்குங்கள். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஆனாலும் இதுவே கவசம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கம்பியையும் ஒருசேரத் தொட்டால் அதற்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் மரச்சட்டத்துக்குள் ஒயர் ஓடுகிறது. காரைச் சுவர், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஊர், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். இந்த மாதிரி வீட்டில் லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு, மெக்கர் என்ற கருவியால் ஒயரின் மேலுறையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டணும். அதற்குக் கீழே என்றால் ஒயர் கிழடு தட்டிவிட்டது என்று அர்த்தம். எர்த் குழிக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ராடு வைத்திருந்தால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் விரலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல், மின் வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மண்ணில் புதைக்காதீர்கள்!

ஷாக் அடித்தவரைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தால் 'கரண்ட் இறங்கிடும்' என்ற நம்பிக்கை சில ஊர்களில் இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடம் எதிலும் இப்படி ஒரு சிகிச்சை கிடையாது. உடம்பில் கரண்ட் தங்குவதில்லை. புதைக்கிற நேரத்தில் போவது உயிர்தான்.

முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளி விடுங்கள். வெறும் கையால் தொடவே கூடாது. உயர் அழுத்தக் கம்பி என்றால் கட்டையும் உதவாது, தூரமே நில்லுங்கள். ஆள் விடுபட்டதும் 108-க்குச் சொல்லுங்கள். கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

காயம் இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகு, ஓடும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். எங்கள் குங்கிலிய வெண்ணெய், மத்தன் தைலம்கூட அப்போது வேண்டாம். இதை ஒரு சித்த வைத்தியனே சொல்கிறேன்! மின்காயம் வெளியே பொட்டு மாதிரி இருக்கும். உள்ளே தசை வெந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். "எனக்கு ஒண்ணுமில்லே, நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து உட்கார்ந்தாலும் அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். காயம் ஆறி, வடுவும் மரமரப்பும் மிஞ்சினால் அப்போது வாருங்கள் எங்களிடம்.

என் மெஷினுக்கு மூன்று முள் வந்துவிட்டது. புது எர்த் குழி தோண்டி, ஆர்.சி.சி.பி.யும் மாட்டியாகிவிட்டது. மாதப் பிறப்பன்று டெஸ்ட் பொத்தானை அழுத்துவது அந்தப் பையனின் பொறுப்பு. அழுத்திவிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். பார்க்கட்டும்.

மின் ஆய்வாளரின் கை? உளுந்துத் தைலத் தொக்கணத்தில் நன்றாக இளகி, இப்போது தானே சட்டை போட்டுக்கொள்கிறார். போன வாரம் வந்தவர், அந்தக் கையை உயரத் தூக்கி, வாசல் மேலிருக்கும் என் பெயர்ப் பலகை விளக்கைக் காட்டினார்.

"டாக்டர், மழை பெஞ்சா அதுக்குள்ளே தண்ணி போகும். மாத்திடுங்க."

நாளைக்கு ஆள் வருகிறார்.