டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருதா? பிள்ளையின் மன அழுத்தம் சாப்பாட்டிலும் தெரியும்!

காலையில் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த லெமன் சாதம், சாயங்காலம் மூடியைத் திறந்தால் அப்படியே இருக்கிறது. "ஏன்டா சாப்பிடல?" என்று கேட்டால், "பசிக்கலம்மா". அதே பையன் ராத்திரி 10 மணிக்கு சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுகிறான். பல வீடுகளில் இதற்குப் பெயர் 'கொழுப்பு'. ஆனால் காரணம் மன அழுத்தமாகவும் இருக்கலாம்.

திடீரென பயமோ பதற்றமோ வந்தால் உடலில் அட்ரினலின் சுரக்கும். ஆபத்தைச் சமாளிக்க உடம்பு தயாராவதால் செரிமானம் மந்தமாகிவிடும். வயிறு கனமாக, குமட்டுவது போல இருக்கும். பரீட்சை நாள் காலையில் ரெண்டு இட்லிகூட உள்ளே இறங்காதது இதனால்தான். நடிப்பு இல்லீங்க.

அழுத்தம் நாள்கணக்கில் நீடித்தால் நிலைமை தலைகீழ். கார்டிசால் என்ற ஹார்மோன் பசியைத் தூண்டும். அதுவும் இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் மேல்தான் ஆசை போகும். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் மனசு லேசாகும், மூளை அதைப் பழகிக்கொள்ளும். தூக்கமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம், பசி இன்னும் கூடும்.

ஒரே வீட்டில் அக்கா தட்டைத் தள்ளிவிடுவாள், தம்பி ரெண்டு மடங்கு சாப்பிடுவான். அதனால் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதைவிட, வழக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி நாள் காலையில் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலியே இல்லை என்றால், பள்ளியில் ஏதோ பிரச்னை இருக்கலாம். சில சமயம் விஷயம் ரொம்பச் சின்னதாக இருக்கும்: டப்பாவைத் திறந்தாலே பக்கத்துப் பையன் கிண்டல் செய்வான்.

சாப்பிடும்போது மார்க் பற்றிப் பேசாதீர்கள். "இதை முடிச்சாதான் எழுந்திரிக்கணும்" என்று மிரட்டினால், அந்தத் தட்டே அடுத்த பயமாகிவிடும். பதற்றமான நாளில் அரை தோசை, ஒரு வாழைப்பழம் போதும். அழுகையை நிறுத்த சாக்லேட் கொடுப்பதையும் குறையுங்கள். ஒருவேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள், செல்போன், டிவி இல்லாமல் (எங்கள் சேனலையும் சேர்த்துதான்!).

ரத்தசோகை, குடற்புழு இருந்தாலும் பசி குறையும். எடை குறைவது, அடிக்கடி வாந்தி, மயக்கம், சாப்பாட்டை ஒளித்துவைப்பது போன்றவை தெரிந்தால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416. 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.