கை கழுவ நீர் எங்கே?

சிறுநீரகம் செயலிழந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்றுவழி டயாலிசிசுக்கான பைகளை, 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இல்லத்திற்கே கொண்டு சேர்க்கிறது. வாரம் இரண்டு, மூன்று முறை மருத்துவமனைக்குச் சென்றுவரக் கூலியை இழக்கும் தென்காசி வட்டாரத் தொழிலாளிக்கு இது பேருதவி.

ஆனால் பை மட்டுமே உயிர் காக்காது. திரவத்தை நாள்தோறும் மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முகக்கவசம் அணிந்து, சோப்பிட்டுக் கைகழுவி உலர்த்தி, கதவடைத்து, மின்விசிறியை நிறுத்த வேண்டும். வயிற்றில் குழாய் பொருத்தியவர் குளத்தில் மூழ்குவதையும் குற்றால அருவியில் குளிப்பதையும் தவிர்க்க வேண்டும். வெளிவரும் திரவம் கலங்கினாலோ, வயிற்றுவலியோ காய்ச்சலோ கண்டாலோ அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். அது வயிற்றறைத் தொற்றாக இருக்கலாம்.

இதைக் கற்பிப்பது மருத்துவமனையின் கடமை. எழுத்தறியாதவருக்குக் கைப்பிரதி போதாது. செய்துகாட்டி, அவரைச் செய்யவைத்துச் சரிபார்க்க வேண்டும். அவ்வாறு கற்ற பின்னரும், ஓரறை வீட்டில் தெருக்குழாயை நம்பி வாழும் காலனிவாசிக்குத் தொற்று வந்தால் ‘சுத்தம் போதாது’ என்று பழிப்பது சாதியின் பழைய தீர்ப்பே ஆகும்.

பட்டியல் சாதியினரைப் பொதுக்குழாயையோ மருத்துவமனையையோ அணுகவிடாமல் பிற சாதியினர் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குழாயே இல்லாத தெருவெனில், கிராமசபையில் எழுத்துமூலம் கோருங்கள். தொற்றுத் தடுப்பின் முதற்பாடம் கைகழுவுதல் என்றால், அதற்கான நீரும் சிகிச்சையின் பகுதியே.