மருந்துக்குக் காவலர் யார்?

அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் சாளரத்தின் முன்னே நீண்ட வரிசையில் நிற்கும் ஏழைத் தாய்மார்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீரைக் கட்டைப் பிரித்துப் பார்த்தும், துணியை இழுத்துப் பார்த்தும் வாங்கப் பழகிய அந்தத் தாய், இங்கு மட்டும் எதையும் சோதிப்பதில்லை. கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டில் காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையிடம் விரைகிறாள். இதை அறியாமை என்று சொல்வது தவறு. தனக்காக வேறொருவர் முன்னமே சோதித்துப் பார்த்துவிட்டார் என்று அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையின்மேல்தான் பொது மருத்துவம் என்னும் பெரிய மாளிகை எழுப்பப்பட்டிருக்கிறது.

மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என நம் அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. மருத்துவமனை கட்டுவதாலும் மருந்து வாங்க நிதி ஒதுக்குவதாலும் மட்டும் அக்கடமை நிறைவு பெற்றுவிடுமா? வாங்கிய மருந்து நல்லதுதானா, கொடுத்த பணம் உரிய வழியில் சென்றதா என்று கண்காணிக்கும் வேலை அதன்பின் இருக்கிறதன்றோ? அந்தக் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதை ஒரே ஒரு நஞ்சின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இனிக்கும் நஞ்சு

டைஎத்திலீன் கிளைகால் என்பது ஒரு வேதிப்பொருள். நிறமற்றது, சற்றே இனிப்பது, விலை மலிந்தது. தொழிற்சாலைகளில் அதற்குப் பல பயன்கள் உண்டு. ஆனால் மனித உடலுக்குள் சென்றால் அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். திரவ மருந்துகளில் சேர்க்கப்படும் கிளிசரினைப் போலவே தோன்றுவதால், பேராசையாலோ கவனக்குறைவாலோ அது மருந்துக் குப்பிக்குள் புகுந்துவிடுகிறது. கண்ணால் பார்த்தோ நாவால் சுவைத்தோ வேறுபாட்டை அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் மட்டுமே உண்மை தெரியும்.

1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்பனிலமைடு என்ற மருந்தை இந்த நஞ்சில் கரைத்து விற்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். மருந்தை விற்பனைக்கு அனுப்புமுன் அதன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அந்நாளில் அந்நாட்டுச் சட்டம் கேட்கவில்லை. அத்துயரத்திற்குப் பின்னரே, 1938-இல், புதிய மருந்து சந்தைக்கு வருமுன் அது பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் அங்குப் பிறந்தது. நம் நாட்டிலும் 1940-இல் மருந்துகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஏட்டில் உள்ள சட்டம் தானாகவே எழுந்து நடந்து காவல் புரிவதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையிலேயே இந்த நஞ்சு கலந்த மருந்தால் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.

பம்பாய் கற்பித்த பாடம்

பம்பாயிலுள்ள ஜே. ஜே. மருத்துவமனை 1845-இல் தொடங்கப்பெற்ற, புகழ்வாய்ந்த அரசு மருத்துவமனையாகும். 1986-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே ஒரு விபரீதம் நிகழ்ந்தது. தேறி வந்துகொண்டிருந்த நோயாளிகள் சிலருக்குத் திடீரெனச் சிறுநீர் நின்றுபோயிற்று. ஒருவர்பின் ஒருவராக 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுடைய நோய்கள் வெவ்வேறானவை. ஆனால் அனைவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டிருந்தது கிளிசரின். மூளையிலும் கண்ணிலும் ஏற்படும் அழுத்தத்தைக் குறைப்பதற்காக அதை வாய்வழியே கொடுப்பது அந்நாளைய வழக்கம். அந்தக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்தது.

இதனை விசாரிக்க நீதிபதி லெண்டின் தலைமையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1988-இல் வெளியான அதன் அறிக்கையைக் கண்டு நாடே திகைத்தது. குற்றம் கலப்படம் செய்த வணிகரோடு நிற்கவில்லை. மருந்து வாங்கியதில் முறைகேடு; வாங்கிய பொருளைச் சோதிக்காத மருத்துவமனை நிர்வாகம்; காவல் காக்க வேண்டிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சீர்கேடு; அத்துறையின் வேலைகளில் அமைச்சர்களின் குறுக்கீடு என ஒவ்வொரு படியிலும் தவறு நேர்ந்திருந்தது. அறிக்கையின் விளைவாகப் பதவியிலிருந்த அமைச்சர் ஒருவர் விலக நேர்ந்தது.

இங்கு நாம் கருத்தூன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சங்கிலியிலிருந்த ஒவ்வொருவரும், தமக்கு முன்னே இருந்தவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டனர். அவர்களுள் ஒருவரேனும் தம் கடமையை முழுமையாகச் செய்திருந்தால் அந்தக் குப்பி நோயாளியின் படுக்கையை எட்டியிராது.

தமிழ்நாடு கண்ட வழி

மருந்து வாங்குவதில் முறைகேடு என்னும் நோய் நம் மாநிலத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பரிகாரமாக 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்னும் அரசு நிறுவனம் பதிவு செய்யப்பெற்று, 1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கியது. அது வகுத்துக்கொண்ட முறைகள் எளியவை. ஆனால் ஆழ்ந்த அறிவுடையவை.

முதலாவதாக, இன்றியமையாத மருந்துகளின் பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. வணிகப் பெயரால் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அதனால் விலை வெகுவாகக் குறைந்தது. மாவட்டந்தோறும் கிடங்குகள் ஏற்பட்டன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் உள்ளதைப் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் வழங்கப்பட்டது. தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அது பெற்றுக்கொள்ளலாம். எத்தனை பெற்றது, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது புத்தகத்தைத் திறந்தாலே புலப்படும்.

இரண்டாவதாக, கிடங்குக்கு வந்து சேரும் மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறது. தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, இரகசியக் குறியீட்டு எண்ணோடு அது ஆய்வுக்கூடத்திற்குச் செல்கிறது. சோதிப்பவருக்கு அது யாருடைய மருந்து என்று தெரியாது. ஆகவே முகதாட்சிணியத்திற்கு இடமில்லை. தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைக்குப் போகும். தேறாத மருந்தை அனுப்பியவர் கருப்புப் பட்டியலில் சேர வேண்டியிருக்கும். மருந்துப் பட்டைகளில் அரசு முத்திரையும், விற்பனைக்குரியதன்று என்ற அறிவிப்பும் அச்சிடப்படுவதால், வெளிக்கடைகளுக்குக் கடத்துவதும் கடினமாயிற்று.

இம்முறையைக் கண்டு கேரளமும் இராசஸ்தானும் பின்னாளில் தத்தம் மாநிலங்களில் இத்தகைய கழகங்களை நிறுவின. குறையே இல்லாத அமைப்பு என்று நாம் இதைப் புகழவில்லை. சில மருந்துகள் இருப்பில் இல்லை என்ற குரல் அவ்வப்போது எழத்தான் செய்கிறது. எனினும் வாங்குவோர் கை வேறாகவும் சோதிப்போர் கண் வேறாகவும் இருக்க வேண்டும் என்ற நெறி இங்கு நடைமுறைக்கு வந்தது. அந்நெறியின் அருமையை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று நமக்கு உணர்த்திற்று.

மீண்டும் அதே துயரம்

2022-இல் ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். நம் நாட்டிலிருந்து சென்ற இருமல் மருந்துகளில் இதே நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதன்பின், 2023 சூன் முதல், வெளிநாட்டுக்கு அனுப்பும் இருமல் மருந்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் முன்னதாகச் சோதித்துச் சான்று பெற வேண்டும் என நடுவண் அரசு கட்டளையிட்டது. நல்ல கட்டளைதான். ஆனால் அக்கட்டளை உள்நாட்டுக் கடைகளுக்குச் செல்லும் மருந்துக்குப் பொருந்தவில்லை. உள்நாட்டு மருந்தைத் தயாரிப்பாளரே சோதித்துக்கொள்வார் என்று விடப்பட்டது.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் சிறு குழந்தைகள் இறக்கத் தொடங்கினர். சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்த இருமல் மருந்தே காரணம் என்ற ஐயம் எழுந்தது. அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் முதல் நாளன்று செய்தி இங்கு எட்டியதும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தொழிற்சாலைக்கு விரைந்து மாதிரி எடுத்தனர். ஓரிரு நாட்களுக்குள் முடிவு கிடைத்தது. மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்தது! அனுமதிக்கப்படும் அளவோ 0.1 விழுக்காடு. தொழிற்சாலை மூடப்பட்டது, உரிமம் ரத்தாயிற்று, உரிமையாளர் கைது செய்யப்பட்டார், கடமையில் தவறியதாக மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வுலகை விட்டுச் சென்றுவிட்டனர்.

அன்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த மருந்து தயாரானது அவ்வாண்டு மே மாதத்தில். அக்டோபரில் ஓரிரு நாட்களில் முடிந்த அதே சோதனையை மே மாதத்தில் செய்திருந்தால் அதற்கும் ஓரிரு நாட்களே ஆகியிருக்கும். அறிவியல் நம்மிடம் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது, அலுவலர்களும் இருந்தனர். மரணம் நேர்ந்தபின் ஓடிச் சென்ற கால்கள், மரணத்திற்கு முன்னே ஒருமுறை அந்தத் தொழிற்சாலையின் படியேறியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்கு வாங்கும் மருந்து ஒவ்வொரு தொகுதியாகச் சோதிக்கப்படும் அதே மாநிலத்தில், கடைக்குச் செல்லும் மருந்து சோதனையின்றிப் புறப்பட்டது. நோயுற்ற குழந்தைக்கு அரசு மருந்து, கடை மருந்து என்ற பேதம் உண்டோ?

நாம் செய்யக்கூடியது

மருந்து ஆய்வாளர் பணியிடங்களை நிரப்புவதும், ஆய்வுக்கூடங்களுக்கு நிதி அளிப்பதும், உள்நாட்டுத் திரவ மருந்துகளையும் ஏற்றுமதி மருந்துகளைப் போலவே முன்னதாகச் சோதிப்பதும் அரசின் கடமைகள். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருவோரிடம் நாம் சாலையைக் கேட்கிறோம், குடிநீரைக் கேட்கிறோம். நம் மாவட்டத்தில் எத்தனை மருந்து ஆய்வாளர்கள் உள்ளனர், ஆண்டுக்கு எத்தனை மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன என்று இதுவரை யாரேனும் கேட்டதுண்டா? அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயரின் அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றில் மருத்துவத்துறை பற்றிய பக்கங்களை நம் படித்த இளைஞர்கள் வாசித்து ஊருக்குச் சொல்லலாம்.

இல்லத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் பொதுவாகத் தேவையில்லை என்றும், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்கவே கூடாது என்றும் நடுவண் சுகாதாரத்துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியுள்ளது. பெரும்பாலான இருமல் தானே தணியும். அண்டை வீட்டார் சொன்னார் என்றோ, சென்ற ஆண்டு வாங்கியது எஞ்சியிருக்கிறது என்றோ குழந்தைக்கு மருந்து புகட்டாதீர்கள். வாங்கும்போது தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து கொடுத்தபின் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியும் மயக்கமும் கண்டாலோ, மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். அந்தக் குப்பி உங்கள் பிள்ளையின் உயிரோடு, அதே மருந்தை வாங்கிய மற்றப் பிள்ளைகளின் உயிரையும் காக்கக்கூடும்.

1938-இல் அமெரிக்காவுக்குச் சட்டம் கிடைத்தது; 1988-இல் நமக்கு லெண்டின் அறிக்கை கிடைத்தது. இரண்டுக்கும் விலையாக உயிர்கள் கொடுக்கப்பட்டன. சிந்த்வாடாவின் பெற்றோர் கொடுத்த விலையோ எல்லாவற்றிலும் கொடியது. இனியும் ஒரு சீர்திருத்தத்திற்காகக் குழந்தைகளின் கல்லறைகளை எண்ண வேண்டிய நிலை வராதிருக்க, இன்றே நாம் கேட்கத் தொடங்குவோம்.